மேல் லயத்து முறை முடியும் வரை

இன்று மலையுச்சி போன் டவரில் அலைவரிசை கூட்டும் புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தேன். உறையைக் கிழித்ததும் அடித்த பிளாஸ்டிக் வாடையில் உன் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும். நாம் இருவரும் சேர்ந்து பராமரித்த டவர். இன்னொரு அலைவரிசை கூட்டித் தரும்படி கம்பெனியிடம் நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அதே டவர்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு நீ விளக்கியது காதிலேயே இருக்கிறது. "ஒரு அலைவரிசையில ஏழெட்டுப் பேரு பேசலாங்க. டவரு நேரத்தப் பொடிப்பொடியா வெட்டி, ஆளுக்கொரு துண்டா மாத்தி மாத்திக் குடுக்குது. வேகமா நடக்குறதால நமக்கு வெட்டுத் தெரியாது. அதுக்கு மேல வர்றவங்களுக்குத் துண்டு இல்ல, லைன் பிஸிதான்."

தீபாவளிக் காலையில் தோட்டமே கொழும்புக்கும் டுபாய்க்கும் போன பிள்ளைகளை ஒரே நேரத்தில் அழைக்கும். "தோட்டத்து ஆளுங்க போடுற ரீலோடு காசுக்கு இது போதும்" என்றார் கம்பெனி மேலாளர். அதனால் நீயே முறை வைத்தாய். முதலில் மேல் லயம். கோயில் மணி அடித்த பிறகு கீழ் லயம். தண்ணீர்ப் பீலியில் முறைபோட்டுக் குடம் வைப்பதுபோல் சனம் அதற்கும் பழகிக்கொண்டது.

போன தீபாவளியன்று கீழ் லயத்து வீட்டில் உனக்கு நெஞ்சு வலித்தது. நான் வட்டகொடை டவுனில் வேனோடுதான் இருந்தேன். என்னை அழைக்கப் போனை எடுத்த உன் மனைவியை நீ தடுத்தாயாம். "வாயுவாத்தான் இருக்கும். மேல் லயத்து முறை முடியட்டும், புள்ள." மணி அடித்தது. வலி கூடியது. கீழ் லயம் முழுவதும் ஒன்றாக அழைக்க, அவளுக்கு லைன் கிடைக்கவேயில்லை. ஒருவழியாகக் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது நீ போய்விட்டாய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். கம்பெனியின் அலட்சியத்துக்கு நீ ஏன் ஒழுங்கு கட்டிக் கொடுத்தாய்? போதாததைப் பங்கு போடப் பழக்கினாய், சண்டை போட்டுக் கேட்கப் பழக்கவில்லையே.

இன்று வந்த பெட்டியும் லயத்துக்காக வரவில்லை. அடுத்த மலையில் உல்லாச ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு லைன் கிடைக்கவில்லை என்று ஒரேயொரு முறைப்பாடு. அந்த வாரமே பெட்டி வந்துவிட்டது. சோதனைக்கு ஒரு கோல் எடுத்துப் பார்க்கச் சொன்னார் மேலாளர். உன் வீட்டுக்குத்தான் எடுத்தேன். முதல் ரிங்கிலேயே உன் மனைவி பேசினாள். ஹோட்டலுக்காகப் பெட்டி வந்த விஷயத்தைச் சொன்னேன். 

"அப்ப, முடியாதுன்னு இல்லையாண்ணே? செய்யல, அவ்வளவுதானா?"

"ஆமாம்மா" என்றேன். அதைச் சொன்ன வாயோடுதான் நாளைக்கும் அதே கம்பெனியின் சம்பளத்துக்கு அந்த மலை ஏறப்போகிறேன்.