மூன்றடி தூரத்தில் நின்றவளுக்கு

நீ போன செய்தி கைபேசியில் வந்தது, கூப்பிய கைகளின் படத்தோடு. அதன் கீழே பழைய ஆட்டக்காரிகள் வரிசையாக ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்தில் உன்னை அனுப்பிவைத்திருக்கிறார்கள். முழுதாக ஒரு வாக்கியம் எழுத ஒருத்திக்கும் பொறுமையில்லை. அதைவிட மோசம், மாலை போட்ட உன் புகைப்படம். சட்டத்துக்குள் அடக்குவதற்காக யாரோ இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். உன் கைகள் இல்லை. நெட்பாலில் கோல் கீப்பராக நின்றவளுக்குக் கைகளை வெட்டிவிட்டு முகத்தை வைத்து என்ன செய்வது? உன் முகம் அப்படி ஒன்றும் விசேஷமில்லை.

உன்னைப் பிடிக்காத எனக்கே அது பொறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நாம் தோழிகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இலங்கை அணியின் கோல் கீப்பர், நான் இந்திய அணியின் கோல் ஷூட்டர். நமக்குள் வேறு உறவு கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் அணி மூன்று ஆட்டங்களுக்கு இங்கே வந்தது. முதல் ஆட்டம் உங்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது தாம்பரத்தில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலிருந்த மைதானத்தில். எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் ஜெயிக்கப்போகிறோம் என்று காலையிலேயே பாவாடை மடிப்புகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

சொந்த ஜனங்கள்! கால் பகுதி நேரம் முடிவதற்குள் அவர்கள் உன் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் அணியில் ஐந்து பேர் இந்தியிலும் பஞ்சாபியிலும் கத்தினார்கள். நீயோ தமிழில் கத்தினாய். அது போதுமாயிருந்தது.

"இன்னாபா இது, பந்தைக் கைல வெச்சிகினு சிலை மாரி நிக்குதுங்க?" என்று கேட்டான் ஒருவன். நெட்பாலில் பந்தோடு ஓடக் கூடாது, தட்டிக்கொண்டு போகக் கூடாது, மூன்று விநாடிக்குள் கைமாற்ற வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது?

"அது கெடக்கட்டும், அந்தக் கொழும்பு அக்காவப் பாரு. பனமரம் மாரி கீது. தமிள் பேசுதுபா! அக்கா, வுடாதக்கா!" என்றான் இன்னொருவன்.

யாரை விடாதே என்றான்? என்னை. அவன் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரன். அடுத்த வாரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் காற்றடித்தேன்.

ஆனால் உன் ஆட்டத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். அதுவரை நான் பல கோல் கீப்பர்களைப் பார்த்திருந்தேன். அவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நீ பந்து வரப்போகிற காற்றைப் பார்த்தாய். எனக்குப் பின்னால்தான் நிற்கிறாய் என்று நினைத்துக் கையை நீட்டுவேன், என் தோளுக்கு மேலே உன் கை முன்னால் வந்திருக்கும், என்னைத் தொடாமல். இரண்டு நாடுகளின் மிகச் சிறந்த பதினான்கு பெண்கள் அன்று ஆடினார்கள். வெயிலில் தரை கொதித்தது, முழங்கால்கள் தேய்ந்தன, ஒருத்தியும் ஓய்வு கேட்கவில்லை. அதைப் பார்த்த எவனும் பெண்கள் விளையாட்டு என்று இளக்காரமாகப் பேச முடியாது. பேசினார்கள் என்பது வேறு விஷயம்.

நீ வாயையும் சும்மா வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறை நான் குறி பார்க்கும்போதும் கையை உயர்த்திக்கொண்டு மெதுவாகச் சொல்வாய்: "அவசரமில்லை அக்கா, ஆறுதலாப் போடுங்கோ." நான் உன்னைவிட ஒரு வயது இளையவள்.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு கோல் பின்னால். கோல் போடும் அரைவட்டத்துக்குள் பந்து எனக்கு வந்தது. நீ எனக்கு முன்னே. எறிந்தேன். உன் விரல் நுனி பட்டு, வளையத்தில் மோதி, பந்து வெளியே விழுந்தது. விசில்.

"அப்ஸ்ட்ரக்ஷன்!" என்று கத்தினேன். தடுப்பவள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். என் கண்ணுக்கு நீ இரண்டரை அடியில்தான் இருந்தாய். நடுவர் இல்லையென்று தலையசைத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி வரிசையில் நின்று, ஜெயித்தவர்களுக்கு மூன்று முறை வாழ்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அது நம் ஆட்டத்தின் மரியாதை. மற்ற ஆறு பேரும் கொடுத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ நேரே என்னிடம் வந்தாய்.

"தூரம் சரியாத்தான் இருந்தது. நடுவரைக் கேட்டுப் பாருங்கோ."

"திருடிகிட்ட நான் பேசறதில்ல" என்றேன்.

கான்வென்ட்டில் படித்தவள் பேசுகிற பேச்சா அது? பேசினேன். வீட்டுக்கு வந்தால், ஆட்டம் பார்க்க வந்திருந்த என் கணவர், "அந்தம்மா நின்னது நல்லாத்தானே இருந்துச்சு, நீ ஏன் அப்படிக் கத்துன?" என்றார். நான்கு நாள் அவரோடும் பேசவில்லை. அவர் கண்ணை மூடும்வரை இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம் வரவேயில்லை.

பிறகு நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையானேன். வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உன் கதையைச் சொன்னேன், அரை அடி திருடியவள் என்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அதை நடித்தே காட்டினேன். ஒரு பெண்ணை உன் இடத்தில் நிறுத்தி, ஓடிவந்து பந்தை வாங்கிக் குறி பார்த்தேன். என் முதல் ஷூட்டர் பிரேமா ஓரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அவ சரியாத்தான் மிஸ் நிக்கிறா. நீங்கதான் வலது கால முன்னாடி வெச்சிட்டீங்க."

குனிந்து பார்த்தேன். தூரத்தை, பந்தோடு முதலில் தரையில் பட்ட காலிலிருந்துதான் அளக்க வேண்டும். அது என் இடது கால். அதற்குப் பிறகு ஷூட்டரே மறுகாலை முன்னே வைத்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டால், அது எதிரில் நிற்பவளின் குற்றமாகாது. இதை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான்! என் கால் பதினான்கு வருடம் கழித்தும் அன்று செய்ததையே செய்தது. அந்த அரை அடியைத் தின்றது நான்.

"உன்னைக் கேட்டனா? ஓரமாப் போய் உக்காரு" என்றேன் பிரேமாவிடம்.

அடுத்த மாதமே நீ வந்து சேர்ந்தாய், கொழும்புப் பள்ளி ஒன்றின் பயிற்சியாளராக, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு. எங்கள் பிள்ளைகளோடு ஆட்டம். நான் பிரேமாவை இறக்கவில்லை. அவள் உன் எதிரில் வாய் திறந்துவிடுவாளோ என்ற பயம். நல்ல ஷூட்டர் இல்லாமல் தோற்றோம்.

தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உனக்கும் நரைத்திருந்தது.

"இன்னும் கோவமோ?"

சொல்லியிருக்கலாம். காலை முன்னே வைத்தது நான் என்ற ஒரு வாக்கியம்தானே. நாக்கு நுனிவரை வந்தது. "அரை அடி" என்று மட்டும் சொன்னேன்.

நீ கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "சரி. அப்படியே இருக்கட்டும்" என்றாய். எனக்குப் பிச்சை போட உனக்கு யார் அதிகாரம் தந்தது? சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சண்டையின் நடுவில் உண்மை வெளியே வந்து விழுந்திருக்கும். நீ அதற்கும் இடம் தரவில்லை.

செய்தி வந்த அன்று பிரேமாவின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறாள். கொழும்புப் பள்ளி வந்த ஆட்டத்தை நினைவுபடுத்தினேன்.

"நானா மிஸ்? நான் ஆடவேயில்லியே, ரிசர்வ்தானே?"

"இல்ல. நீதான் ஃபர்ஸ்ட் ஷூட்டர். உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு அதுக்கப்புறம் கிடைக்கல."

பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப ஏன் மிஸ் என்னை எறக்கல? அந்த வருஷத்தோட நான் வெளையாட்டையே வுட்டுட்டேன். நமக்கு வராதுன்னு நெனச்சிகினு."

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியத்தை அவளிடம் சொன்னேன். "கால முன்னாடி வெச்சது நான். நீ சொன்னது சரி. அது தெரிஞ்சுதான் உன்னை உக்கார வெச்சேன்." ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு மிஸ் சொல்றீங்க?" என்றாள். "ஷிஃப்ட் இருக்கு மிஸ்" என்று வைத்துவிட்டாள். நேற்று மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாளைக்கும் கூப்பிடுவேன். அவள் எடுக்கும்வரை இந்தக் கடன் என்னிடம்தான் இருக்கும்.

எனக்கு வேண்டியதுதான். நீ மட்டும் சிரிக்காதே.