நான் எந்தப் பக்கம் சிரித்தேன்

பிப்ரவரி 3

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். நவம்பரில் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து என் இடது கன்னத்தில் அடித்தது. உள்ளே தசை கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். தழும்பு சின்னதுதான், ஆனால் வாயின் அந்த ஓரம் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. டீ குடித்தால் பாதி எனக்கு, பாதி புடவைக்கு. தசை அசைய ஆஸ்பத்திரியில் கன்னத்தில் லேசாகக் கரண்ட் வைக்கிறார்கள். வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து "ஈ" என்று இளிக்கச் சொல்கிறார்கள். "யாரைப் பாத்துடி இப்படிப் பல்லைக் காட்டற?" என்கிறாள் அக்கா.

நஷ்ட ஈடு கேட்டிருக்கிறேன். அது கிடைத்தால்தான் சிகிச்சையைத் தொடர முடியும். இன்சூரன்ஸ்காரர்களோ என் வாய் முன்பே கோணல்தான் என்கிறார்கள். சிரித்த போட்டோ இருந்தால் காட்டச் சொன்னார்கள். எனக்கு ஏது? கல்யாணப் போட்டோவிலேயே பல்வலிக்காரி மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றவள் நான். வேலையிடத்தில் எல்லோருக்கும் முகக்கவசம். என் சிரிப்பை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. அக்கா சாட்சி சொன்னால் கூடப்பிறந்தவள் என்று தள்ளிவிடுவார்களாம். "பிரிஞ்சு போன புருஷன் நல்லதா ஒரு வார்த்தை சொன்னா நம்பாம இருக்க முடியாதும்மா" என்கிறார் வக்கீல்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை என்றுதான் நான் வீட்டை விட்டு வந்தேன். இப்போது உங்களிடமே என் முகத்துக்குச் சாட்சி கேட்டு நிற்கிறேன். நினைவிருந்தால் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால், இல்லை என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி


பிப்ரவரி 12

அன்புள்ள ராங்கிக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, வேறு பெயர் வாயில் வரவில்லை.

நவம்பரிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லும்படியான இடத்தில் நான் இல்லை, உன்னைக் குறை சொல்லி என்ன பயன்.

நான் இன்னும் அதே மாடி அறையில்தான் இருக்கிறேன். மடக்கு மேஜையின் ஒரு கால் இன்னும் ஆடுகிறது. நீ மடித்து வைத்த அட்டைத் துண்டும் அதன் அடியிலேயே இருக்கிறது. நீ ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம். தண்ணீர் ஊற்ற மறந்து நான் குக்கரைக் கருக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? "லிஃப்டை ஏத்தி இறக்கத் தெரியுது, ஒரு குக்கரை இறக்கத் தெரியலையே" என்று சொல்லிச் சிரித்தாய். உனக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் முதலில் ஏறும். அந்தக் கன்னத்தில் குழி விழும். மற்றது தூங்கி எழுந்த ஆள் மாதிரி மெல்லப் பின்னால் வரும். இரண்டும் மேலே வந்து சேர்ந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாய். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் எழுதி நேற்றே இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். எந்தப் பக்கம் முதலில் ஏறும் என்பதைக்கூட விடவில்லை. டீயை நன்றாக ஆற வைத்துக் குடி.

"உன்" என்று போடலாமா தெரியவில்லை,
லிஃப்ட்காரன்


மார்ச் 20

ஐயா அவர்களுக்கு,

நஷ்ட ஈடு கிடையாது என்று பதில் வந்துவிட்டது. உங்கள் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். "சிரித்தால் வலது கன்னம்தான் முதலில் ஏறும், இடது மெதுவாகப் பின்னால் வரும்" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. இடப்பக்கம் முதலிலிருந்தே மந்தம் என்று கணவரே சொல்லிவிட்டாராம், கதை முடிந்தது.

எனக்குக் குழி விழுவது இடது கன்னத்தில். பிறந்ததிலிருந்து கண்ணாடியில் பார்த்தவள் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அன்று அழுதேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணால் பார்த்த மாதிரியே எழுதியிருந்தீர்கள், ஆனால் பார்த்ததே இல்லை. ஏப்ரல் 10 அன்று மேல்முறையீட்டு விசாரணை. தயவுசெய்து இனி எதுவும் எழுத வேண்டாம். கரண்ட் வைப்பதை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மனுதாரர்


மார்ச் 26

ராங்கி,

எழுதாதே என்றாய், இது ஒன்றுக்கு மட்டும் மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்ததும் மடக்கு மேஜையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். நீ எதிரில் இருப்பதாக நினைத்து, குழி விழும் கன்னத்துக்குக் கையை நீட்டினேன். வலது கைதான் நேராகப் போயிற்று. அப்போதுதான் உறைத்தது. என் வலப்பக்கம் இருந்தது, எதிரில் உட்கார்ந்திருந்த உனக்கு இடப்பக்கம். உன்னை நான் அந்த நாற்காலியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், அங்கிருந்து பார்த்தபடியே எழுதித் தொலைத்தேன்.

இனி எழுதிக் கொடுத்தால் பேச்சை மாற்றுகிறான் என்பார்கள். விசாரணைக்கு நேரில் வருகிறேன். உனக்குச் சங்கடம் வேண்டாம், முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கரண்ட் வைப்பதை மட்டும் நிறுத்தாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைத்ததா? விசாரணை முடிந்து வக்கீலிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படியிறங்கி வருவதற்குள் ஆளைக் காணோம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற உங்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. சிகிச்சை தொடர்கிறது. வக்கீல் தன் வாதத்தால் கிடைத்தது என்கிறார், சொல்லிக்கொள்ளட்டும். விசாரித்த அதிகாரி அம்மாள், "வலது இடதுன்னு சொல்ல வேண்டாம், எதிர்ல உக்காந்து காட்டுங்க" என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். யோசிக்கவே இல்லை. கை நேரே வந்து தழும்புக்குச் சற்று மேலே, குழி விழுந்த இடத்தில் நின்றது. தசை கிழிந்ததாக ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் சொன்ன அதே இடம். "கொஞ்சம் தண்ணி குடிங்க சார்" என்றார் அந்த அம்மாள். எனக்கும் யாராவது கொடுத்திருக்கலாம்.

இத்தனை வருஷமும் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்காதவராக இருந்தால் என்னையோ அக்காவையோ கேட்டுச் சரியாக எழுதியிருப்பீர்கள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த ஆளுக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

பயிற்சி கொடுக்கும் பெண், "கண்ணாடி மட்டும் போதாதுக்கா, எதிர்ல ஒருத்தர் உக்காந்து ஏறுதா இல்லையான்னு சொல்லணும்" என்கிறாள். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. நேற்று கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எதிரில் நாற்காலி போட்டு வைக்கிறேன். இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ள மாட்டேன்.

உங்கள்
ராங்கி