என் பெயரில் ஓடும் வண்டிகள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட பெட்ஷீட் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல். போய் எடுத்து வந்து மறுபடி துவைத்தேன்.

எடமலைப்பட்டி புதூர் ஷெட்டிலிருந்து பெயிண்டர் செல்வம் போன். வேனுக்கு வெள்ளை அடித்து முடிந்ததாம். "அக்கா, சைடுல எழுதறதுக்குப் பேரு சொல்லிட்டீங்கன்னா என் வேலை முடிஞ்சுது."

பதினெட்டு சீட் வேன். பழையதுதான், ஆனால் எங்களுடையது. ஓட்டப்போவது என் வீட்டுக்காரர் சேகர். போன், புக்கிங், பெர்மிட் எல்லாம் நான். ஆடி பிறக்கப் பத்து நாள்தான். அதற்குள் பெயர் எழுதிப் பூஜை போடாவிட்டால் ஆவணிதான் என்று மாமியார்.

சேகர் சொன்ன பெயர்கள்:
காவேரி. ஊரில் பத்து இருக்கும்.
மலைக்கோட்டை. லாட்ஜ் பெயர் மாதிரி.
எஸ்.டி. டிராவல்ஸ். அவர் முதலெழுத்தும் என் முதலெழுத்தும். எஸ்.டி.டி. பூத் என்று நினைப்பார்கள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

தேன்மொழி டிராவல்ஸ். என் சொந்தப் பெயர். அந்தப் பெயரில் ஏற்கெனவே நாலு வண்டி ஓடுகிறது. நாலும் அண்ணனுடையவை.

ஜூலை 8, செவ்வாய்

மாமியாருடன் சமயபுரம். கூட்டம் அதிகமில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது எதிரே அண்ணன் வண்டி. பக்கவாட்டில் மஞ்சளில் என் பெயர், ஒரு முழ உயரத்துக்கு. கிளீனர் 'தே'யின்மேல் முதுகைச் சாய்த்து நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பிறந்த வருஷம் அப்பா முதல் வண்டி எடுத்தார். அதனால் என் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்ரீரங்கம் ஆபீசில் பதினாலு வருஷம் போன் எடுத்தேன். அப்பா போன மூன்றாம் மாசம் அண்ணன் என்னை ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். "பெர்மிட் என் பேருக்கு மாத்தணும், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." படிக்காமல் போட்டேன். அது விடுதலைப் பத்திரம். அப்பா விட்டுப்போனதில் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிட்டது. அடுத்த வாரம் ஆபீசுக்குப் போனால் வேறு பூட்டு. தெருவில் கேட்டவர்களிடம், "தங்கச்சி சும்மா போன் எடுத்துக்கிட்டு இருந்துச்சு" என்றானாம்.

மாமியாரைப் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு அங்கேயே நின்று போன் போட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

"அண்ணே, நான் வண்டி எடுக்கறேன். என் பேரை உன் வண்டியிலேருந்து எடுத்துடு."

"அது உன் பேரு இல்ல தேனு. கம்பெனி பேரு" என்றான். வைத்துவிட்டான்.

பஸ்ஸில் மாமியார் கொடுத்த வெள்ளரிப்பிஞ்சைக் கடிக்காமல் இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 9, புதன்

புத்தூர். ஆஸ்பத்திரி எதிரே மெடிக்கல் கடை மாடியில் பர்வீன். வெப்சைட் செய்து கொடுக்கும் பெண், சேகரின் நண்பர் மகள். ஆபீஸ் முழுக்கக் கீழேயிருந்து வரும் மருந்து வாடை.

"இன்டர்நெட்டுல உங்க கடைக்கு ஒரு விலாசம் வேணும்க்கா. டொமைன்னு சொல்லுவோம். ஒரு பேரை ஒருத்தர்தான் வாங்க முடியும். முதல்ல யாரு கேக்குறாங்களோ அவங்களுக்கு."

"தேன்மொழி டிராவல்ஸ் இருக்கா பாரும்மா."

தட்டினாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தேன்.

"யாருமே எடுக்கலக்கா."

மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடி பார்த்தாள். இல்லை. நாலு வண்டி, பெரிய போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் வைத்திருக்கிறான். இது மட்டும் தோன்றவில்லை அவனுக்கு. அதெல்லாம் பார்த்தது நான் அல்லவா. சும்மா போன் எடுத்துக்கொண்டிருந்தவள்.

'ழ'வை ஆளுக்கொரு மாதிரி அடிப்பார்கள் என்றாள். இசட்-எச் போட்டு ஒன்று, வெறும் எல் போட்டு ஒன்று. இரண்டையும் வாங்கினேன்.

படி இறங்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. கீழே மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு அம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நடுவில் சிரித்திருக்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

சேகரிடம் சொன்னேன். "வம்பு. வேற பேரு வெச்சுக்கலாம்" என்றார்.

"வேற பேருன்னா, வேற யார் பேரு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரவுக்கு ரவா உப்புமா. அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே.

ஜூலை 11, வெள்ளி

பர்வீன் பக்கத்தைக் காட்டினாள். என் போட்டோ (ஊதாப் புடவை, பரவாயில்லை), என் போன் நம்பர், வெள்ளை வேன். நன்றாகவே இருக்கிறது.

பிறகு மேப்பைத் திறந்தாள். அண்ணன் ஆபீஸ் அதில் இருக்கிறது. யாரோ கஸ்டமர் எப்போதோ சேர்த்தது. போட்டிருக்கும் நம்பர் பழைய லேண்ட்லைன், நான் எடுத்துக்கொண்டிருந்தது. போன வருஷமே கட் ஆகிவிட்டது. வெப்சைட் என்ற இடம் காலி.

"அந்த இடத்துல என் வெப்சைட் விலாசத்தைப் போட முடியுமா?"

"யார் வேணும்னாலும் எழுதி அனுப்பலாம்க்கா. ஆனா அது அவங்க ஆபீசாச்சே. சரியா வருமா?"

"பேரு என்ன போட்டிருக்கு?"

"தேன்மொழி டிராவல்ஸ்."

"அது யாரு?"

எழுந்து கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே போட்டுக்குங்கக்கா." போட்டேன். ஒரு விரலால், எழுத்து எழுத்தாக.

ஜூலை 12, சனி

மேப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அண்ணன் ஆபீசைத் தேடுகிறவர்கள் இனி என் வாசலுக்கு வருவார்கள்.

சாயங்காலமே முதல் போன். "உத்தர வீதி வரதன் பேசறேன்." எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். வருஷா வருஷம் திவ்யதேச யாத்திரைக்கு வேன் எடுப்பவர்.

"யாரு, தேன்மொழியா? என்னம்மா, ரெண்டு மூணு வருஷமா உன் குரலே காணோமே. திருவெள்ளறை, அன்பில் ரெண்டும் சேவிக்கணும். திருவாடிப்பூரத்துக்கு முன்னாடி ஆகணும்."

"அனுப்பறேன் மாமா."

"உங்க அண்ணா சௌக்கியமா?"

"சௌக்கியம் மாமா."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. சௌக்கியமாகத்தானே இருக்கிறான். நோட்டில் தேதி குறித்து இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இதை எழுதாமல் விடலாம். எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு ஒரு அம்மா. உறையூர். துறையூரில் மகளுக்கு வளைகாப்பு. எட்டு மணிக்கு வண்டி சொல்லியிருந்தார்களாம், வரவில்லை. டிரைவர் போன் ஸ்விட்ச் ஆஃப். அண்ணன் எடுக்கவில்லை. மேப்பில் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். "சீர்த்தட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு இருபது பேரு வெயில்ல நிக்கிறோம்மா. பதினோரு மணிக்குள்ள அங்க இருக்கணும்."

அது எங்கள் வண்டி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அண்ணிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவள் பத்து நிமிஷத்தில் வேறு டிரைவரை அனுப்பியிருப்பாள். எனக்குத் தெரியாததா.

"கிளம்பிடுச்சும்மா. பாலத்துல டிராஃபிக். அரை மணி நேரத்துல வந்துடும்."

வாய் தானாகச் சொன்னது என்று எழுதத் தோன்றுகிறது. அப்படி இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அந்த இருபது பேரும் அண்ணன் ஆபீசுக்குப் போய்க் கத்த வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்க வேண்டும்.

பத்தேகாலுக்கு மறுபடி. "இதோ வந்துடும்மா." மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

மத்தியானம் கத்தரிக்காய் சாம்பார். சேகர் நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

அவர்கள் நேற்றே அண்ணன் ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஆபீசுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி சொன்னாள். கண்ணாடிக் கதவு உடைந்ததாம். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டானாம். "நான் யாருகிட்டயும் வண்டி கிளம்பிடுச்சுன்னு சொல்லலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். நடந்ததைச் சொல்லச் சொல்லி மூன்று தடவை கேட்டேன்.

மூன்று மணிக்கு அந்த உறையூர் அம்மா போன். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நாங்க போய்ச் சேரும்போது மணி ஒண்ணு. நல்ல நேரம் போயிடும்னு சம்பந்தி வீட்டுலயே ஆரம்பிச்சுட்டாங்க. என் பொண்ணுக்கு முதல் வளையல் நான் போடல. ஏழு வருஷம் கழிச்சு உண்டானவ." மூச்சு விட்டார்கள். "வெப்சைட்டுல போட்டோ பாத்தேன். தேன்மொழிங்கறது நீதானே?"

"ஆமா."

"ஞாபகம் வெச்சுக்கறேன்."

வைத்துவிட்டார்கள். அப்புறம் மேப்பில் பார்த்தேன். ஒரு ஸ்டார். 'தேன்மொழி என்ற பெண் பொய் சொல்லி நிற்க வைத்தாள். நம்பாதீர்கள்.' அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை.

திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். என்னவென்று கேட்பது. இது அண்ணனுக்குப் போக வேண்டிய சாபம். அவன் வண்டிதான் வரவில்லை.

சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அண்ணன். கூட அண்ணி. வாசலிலேயே நின்றார்கள். சேகர்தான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அண்ணன் இளைத்திருக்கிறான்.

"நீதான் அவங்ககிட்ட பேசினியா?"

"நான்தான்."

சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அண்ணி, "புள்ளத்தாச்சிப் பொண்ணு விஷயம் தேனு" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு ஆறு வயசுல நீ பொறந்தே. அப்பா வண்டி எடுத்து உன் பேரை எழுதினாரு. நான் மூத்தவன், என் பேரு எங்கயும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான்தான் வண்டி கழுவணும். நாப்பது வருஷம் உன் பேரைத் தொடச்சிருக்கேன் நான்."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. சொன்னதால் அந்தக் கையெழுத்து இல்லை என்று ஆகிவிடாது.

"பேரை எடுத்துடறேன். நாலு வண்டியிலயும். மேப்புல போட்டதை நீ எடுத்துடு. ஸ்ரீரங்கத்துல தலை காட்ட முடியல" என்றான்.

"நான் பாக்கணும். என் கண்ணு முன்னாடி சுரண்டணும்."

"பாரு."

காபி குடிக்கவில்லை, போய்விட்டார்கள். சேகர் இரண்டு டம்ளரையும் எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினார். "அந்த அம்மா வீட்டுக்கு நான் போயிட்டு வரேன். உனக்காக இல்ல" என்றார். போனார். என்ன நடந்தது என்று வந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். எடமலைப்பட்டி புதூர் ஷெட். லேசான தூறல், பிறகு வெயில். இந்த ஊரில் வண்டிக்கு எழுத்து எழுத எல்லோருக்கும் செல்வம்தான், அதனால் அண்ணன் வண்டியும் என் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில்.

தின்னர் வாடை. செல்வம் துணியை நனைத்து வைத்துவிட்டு பிளேடால் சுரண்டினார். பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தார். 'ழி' போனது. 'மொ' போனது. மஞ்சள் செதிலாகத் தரையில். எதிர்பார்த்த சந்தோஷம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். 'தேன்' மட்டும் நின்றபோது செல்வம் டீ குடிக்கப் போனார். அந்தப் பத்து நிமிஷம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வீட்டில் என்னைக் கூப்பிட்டது 'தேன்' என்றுதான்.

நாலு மணிக்குள் என் வேனில் என் பெயர். நீலத்தில். பூஜை, எலுமிச்சம்பழம் நசுக்கியது, எல்லாம் நல்லபடி. அங்கிருந்தே பர்வீனுக்குப் போன் செய்து மேப்பில் போட்டதை எடுக்கச் சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

கிளம்பும்போது அண்ணன் மகள் வந்தாள். பன்னிரண்டு வயசு, ஸ்கூல் யூனிபாரம், எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை. அண்ணன் புதுப் பெயராக அவள் பெயரையே எழுதச் சொல்லியிருக்கிறான். யாழினி டிராவல்ஸ். சாக்பீஸில் கோடு போட்டு 'யா' மட்டும் முடிந்திருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தை, என் பேரு வண்டியில நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

கன்னத்தைத் தொட்டேன். மூன்று வருஷத்தில் ரொம்ப வளர்ந்துவிட்டாள். ஈரப் பெயிண்டைத் தொட்டுவிட்டு விரலை மோந்து பார்த்தாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பஸ்ஸெல்லாம் மஞ்சள் புடவை, சமயபுரம் கூட்டம். சேகர் வரதன் மாமா வீட்டாரை ஏற்றிக்கொண்டு திருவெள்ளறை போயிருக்கிறார். முதல் சவாரி. என்னிடம் இன்னும் சரியாகப் பேச்சில்லை.

புத்தூர் போனேன். வெப்சைட்டில் பெயர் எழுதிய வேன் போட்டோவை மாற்றிப் போட வேண்டும் என்று பர்வீனிடம் சொன்னேன். மாற்றினாள்.

"வேற ஏதாவது இருக்காக்கா?"

யாழினி டிராவல்ஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"அது யாருக்கா?"

"எங்க அண்ணன் பொண்ணு."

"பரிசாக் குடுக்கப் போறீங்களா?"

சிரித்தேன். காலியாக இருந்தது. வாங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் வளர்ந்து கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்கட்டும்.