அடைவு வைத்த பங்குகள்

அக்கா,

நேற்று ஓக்லாந்தில் பாட்டனி டவுன்ஸ் பக்கம் மகளோடு ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு பெண் புதுச் சட்டைகளைத் தொங்கவிட்டு நீராவி பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டுத் துணி வாசம் மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. பாபகூராவில் நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்து தைத்த தொழிற்சாலையின் வாசம் அது. மகள் திரும்பிப் பார்த்து, "மம், யூ ஓகே?" என்றாள். ஓம் என்றேன். என்ன ஓம்? நீங்கள் கண் மூடி இரண்டு மாதமாகிறது, ஒரு நாளாவது ஒழுங்காகச் சமைக்கவில்லை நான்.

கோபமும் இன்னும் தீரவில்லை. உங்களோடா, அந்த வருஷத்தோடா, தெரியவில்லை. ஆரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள்தான் வாய்த்தீர்கள்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் வங்கியில் வேலை பார்த்தவர். சனத்தின் நகையை ஈட்டுக்கு வாங்கிக் காசு கொடுக்கிற அடைவுக் கவுண்டரில், தராசுக்குப் பின்னால். அத்தான் காலமான பிறகு உங்கள் அண்ணர்தான் நியூசிலாந்துக்கு, இந்த ஓக்லாந்துக்குக் கூப்பிட்டு எடுத்தார். முதலில் நீங்கள் மட்டும். பிள்ளைகளைப் பிறகு எடுக்கலாம் என்று பேச்சு. பெரியவனும் சின்னவனும் உங்கள் தங்கையோடு ஊரில் நின்றார்கள். இங்கே உங்கள் வங்கி அனுபவத்தை ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. காற்சட்டைக்கு ஸிப் தைக்கக் கொடுத்தார்கள். "தராசு பிடிச்ச கையடி இது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தைத்தீர்கள்.

அந்த வருஷங்களில் இங்கே ஓக்லாந்து முழுக்கப் பங்குப் பைத்தியம். எங்கள் மேற்பார்வைக்காரி முதல் பால் கொண்டுவருகிற மனுசன் வரை ஆளுக்கொரு கம்பனியின் பங்கு வைத்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டு அறையில் பேப்பரில் பங்குப் பக்கத்துக்குத்தான் அடிபாடு. நீங்கள் ஒரே ஒரு வங்கியின் பங்குகளை மட்டும் வாங்கினீர்கள். சம்பளம் வரவர, கொஞ்சம் கொஞ்சமாக.

"மற்றதெல்லாம் காத்தடி. கட்டடம் கட்டப்போறம் எண்டுறான், கட்டடத்தைக் காணேல்ல. பாங்க் அப்பிடியே? பாங்கை ஆர் விழுத்துறது?"

நானும் நம்பினேன். நம்பாமல் என்ன? வாரா வாரம் ஏறிக்கொண்டேயிருந்தது. ஊரிலே நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. எண்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்டில் ஒரு நாள், பங்குகளை விற்றால் வருகிற காசு ஒரு பிள்ளையை இங்கே எடுக்கக் காணும் என்று வந்தது. ரிக்கற், வீசா, கொழும்பில் தங்குகிற செலவு எல்லாம் சேர்த்து ஒருவனுக்கு.

அன்றைக்கு எங்கள் வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரர், இவர்தான் சொன்னார்: "உடன வித்துப்போட்டு ஒரு பிள்ளையை எடுங்கோ. மற்றவனை அடுத்த வருஷம் எடுக்கலாம்."

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "எவனை?" என்றீர்கள்.

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன், எடுக்க ஒன்றும் இல்லாமலே. எந்தத் தாயிடம் கேட்கலாம் அந்தக் கேள்வியை? நீங்களே உங்களிடம் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் பஸ்ஸில் வந்து போனீர்களோ.

அடுத்த கிழமை மெஷினை நிற்பாட்டிவிட்டு என் பக்கம் சாய்ந்தீர்கள். முகத்தில் வெளிச்சம். "நான் விக்கேல்லையடி. அடைவு வைச்சிட்டன்."

நகரத்தில் ஒரு கடன் கம்பனி பங்குகளை ஈடாக எடுத்துக்கொண்டு பணம் கொடுத்ததாம். அந்தப் பணத்துக்கு அதே வங்கியின் பங்குகளை இன்னும் வாங்கிவிட்டீர்கள். தீபாவளி வரைக்கும் பொறுத்தால் இரண்டு பேருக்கும் காணும் என்று கணக்கு. இது சரிவருமோ அக்கா என்றேன்.

"விசரி. எங்கட சனம் நகையை விக்கிறதே? அடைவு வைக்கிறது. வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தா ஆரும் தொடமாட்டினம். எத்தினை வருஷம் அந்தக் கவுண்டரில இருந்தனான், எனக்குத் தெரியாதே?"

தெரியும்தான் அக்கா. தங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு முதல் நாள், காலையில் தொழிற்சாலை றேடியோ பாட்டை நிற்பாட்டிவிட்டுச் செய்தி சொன்னது. அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்துவிட்டதாம். இங்கே திறந்ததும் திறவாததுமாகப் பங்குகள் கொட்டுண்டுபோயின. ஒவ்வொரு மெஷினாக நின்றது. மேற்பார்வைக்காரி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒரு துணிக்கட்டின் மேல் இருந்துவிட்டாள். நீங்கள் மட்டும் தைத்துக்கொண்டிருந்தீர்கள். "பாங்குக்கு ஒண்டும் வராது" என்று இரண்டு தரம் சொன்னீர்கள், என்னைப் பார்க்காமல்.

பின்னேரம் கடன் கம்பனியிலிருந்து தொலைபேசி வந்தது. மேற்பார்வைக்காரியின் அறைக்குள் போய்க் கதைத்துவிட்டு வந்தீர்கள். உதடு வெள்ளையாகியிருந்தது.

"பங்கு விலை விழுந்ததில ஈடு காணாதாம். நாளைக்கு மிச்சத்தைக் கொண்டந்து கட்டட்டாம். இல்லாட்டி எல்லாத்தையும் வித்துப்போடுவினமாம்." பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டீர்கள்: "நாளைக்கு எண்டா என்னடி? அடைவு எண்டா ஒரு தவணை இல்லையே? தங்கம் விலை குறைஞ்ச நேரம் நாங்கள் ஒரு சனத்தையும் கூப்பிட்டுக் கேட்டதில்லையே!"

எங்கே போய்க் கேட்பது? உங்கள் அண்ணர் வீட்டுக் கடனில் கழுத்தளவு. எங்களிடம் இருந்தது அடுத்த கிழமை வாடகை. மறுநாள் விற்றார்கள். கிடைத்த விலைக்கு, முழுவதையும். அவர்கள் கடனைக் கழித்துக்கொண்ட பிறகு உங்கள் கையில் மிஞ்சியது ஒரு பிள்ளைக்குக்கூடக் காணவில்லை. கொழும்பு வரைக்கும் ஒருவன் வந்து சேரலாம், அவ்வளவுதான்.

அதே மாதம்தான் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு, இந்திய ஆமியோடு சண்டை. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. நீங்கள் வேலை முடிந்து பாபகூரா பெரிய தெருவில் அந்த வங்கிக் கிளைக்கு முன்னால் போய் நிற்பீர்கள். நான் கையைப் பிடித்து இழுப்பேன். "பார், லைற்றெல்லாம் எரியுது. சனம் காசு போடுது, எடுக்குது. பாங்க் நிக்குதடி. அப்ப நான் என்ன பிழை விட்டனான்?" என்பீர்கள். வழியில் போகிற வெள்ளைக்காரச் சனம் திரும்பிப் பார்க்கும். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் உங்களோடு நிற்பேன்.

கார்த்திகையில் உங்கள் அண்ணர் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். அவர் அங்கே வந்ததேயில்லை. அவரைக் கண்டதும் நீங்கள் எழும்பவில்லை, மெஷினில் இருந்தபடியே, "எவன்?" என்று கேட்டீர்கள். இரண்டாம் தரமும் அதே கேள்வி.

பெரியவன். ஊரடங்கு தளர்த்திய நேரம் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவன் திரும்பவில்லை. உடம்பு கிடைத்ததாம், அதுவே பெரிய விஷயம் என்றார்கள். பாழாய்ப் போன காலம், அதையும் ஒரு ஆறுதலாகச் சொன்னது.

சின்னவனை எடுக்க நீங்கள் பிறகு எத்தனை வருஷம் ஸிப் தைத்தீர்கள்! பங்குப் பக்கம் இருக்கிற பேப்பரைக் கையால் தொடவேயில்லை. அவன் வந்தான், படித்தான், பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கினான், கடைசி வரைக்கும் உங்களைக் கையில் வைத்துப் பார்த்தான். உங்கள் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் மட்டும் திரும்பவேயில்லை. அவனும் அதைக் கண்டிருப்பான்.

ஒரு நாள் ரயிலில் நகரத்துக்குப் போகும்போது, நான் கேளாமலே சொன்னீர்கள். "அண்டைக்கு வித்திருந்தா பெரியவனைத்தான் கூப்பிட்டிருப்பன். என்ர மனம் அதை உடன சொல்லிப்போட்டுது. அதுக்குப் பயந்துதானடி அடைவு வைச்சனான். இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை." நான் சொல்லவில்லை. இவரிடம்கூட.

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு, சின்னவன் வாழையிலைகளைக் கறுப்புப் பைக்குள் அமத்திக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"அன்ரி, அந்த நேரம் காசு ஒருத்தருக்குத்தான் இருந்ததாம், மாமா சொன்னவர். அம்மா ஆரைக் கூப்பிட்டிருப்பா?"

"உன்னைத்தான் தம்பி," என்றேன். "நீதானே சின்னவன்."

அவன் பையின் வாயை முடிச்சுப் போட்டுக் கட்டினான். கோபமில்லை, அழுகையுமில்லை.

"இல்லை அன்ரி, அண்ணாவைத்தான். எனக்கு எப்பவோ தெரியும். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் அம்மா. நானும் அண்ணாவைத்தான் கூப்பிடச் சொல்லியிருப்பன்."

இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், நீங்கள் அவனுக்கு மறைத்தீர்கள், அவன் உங்களுக்கு மறைத்தான். இனி உங்களிடம் இதை எப்படிச் சொல்வேன் அக்கா? அவன் வெளியே போய்க் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளி வைத்துவிட்டு, என்னை வீட்டில் கொண்டுபோய் விடக் காரை எடுத்தான்.