தாண்டித் தாண்டித் தைக்கும் மெஷின்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: "மாஸ்டர், நீங்க பொய் சொல்றீங்க."

சொன்னது: "சரி மாஸ்டர், நாளைக்கு வர்றேன்."

குவார்டெங் மாஸ்டரின் ரிப்பேர் கடையில் மரியாதைக்கு மட்டும் குறைவே இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார், குளிர்ந்த தண்ணீர் தருகிறார். எங்கள் ஊர் குமாசியில் எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடித்த கையோடு, "என்ன சேதியா வந்தீங்க?" என்று கேட்பார்கள். இவர் அதை மட்டும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் முறையாகப் பதில் சொல்லவேண்டுமே!

தங்கப்பூ போட்ட என் கறுப்புக் கைத்தையல் மெஷின் தடித்த மடிப்பில் ஏறும்போதெல்லாம் மூன்று தையலைத் தாண்டும். அதைச் சரிசெய்யத்தான் போன மாதம் கொடுத்தேன். சனிக்கிழமை 22-ம் தேதி தங்கை டூஃபிக்கு நிச்சயதார்த்தம். அவள் உடுப்பை நானே தைப்பதாக வாக்கு. சேர்வா அத்தை எல்லார் முன்னாலும் சிரித்தாள்: "புக்குப் படிக்கிற கை இது. பட்டன் தைக்கவே ஊசிகிட்ட வழி கேக்கும்."

மார்ச் 8, சனி

மெஷினுக்கு ஒரு பாகம் தலைநகர் அக்ராவிலிருந்து வரவேண்டுமாம். போன வாரம் அதே பாகம் தாக்கோராடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாவம், அதற்கும் வழி தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

"அக்கா, மெஷின் எங்க?" என்றாள் டூஃபி.

"ஓய்வெடுக்குது."

சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நீ தைச்சதுதான் எனக்கு வேணும். ஆனா அன்னிக்கு என்னைப் பழைய உடுப்போட நிக்க வச்சிடாத."

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் மாஸ்டரின் மனைவி ஃபெலிசியா அக்கா. புது நீல உடுப்பு. பிரசங்கம் நீண்டது, என் கண் அவள் தோள் தையலில் ஊர்ந்தது. மடிப்பு சேரும் இடத்தில் மூன்று தையல் இல்லை. கை சேரும் இடத்தில் மூன்று. கழுத்திலும்—

தெரிந்தவர் கையெழுத்தை அடுத்தவர் வீட்டுச் சுவரில் பார்த்ததுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "யாரு தைச்சதுக்கா?"

"நானேதான்! பொறந்தநாளுக்கு எங்க வீட்டுக்காரர் மெஷின் வாங்கிக் குடுத்திருக்காருடி. கறுப்பு. உடம்பெல்லாம் தங்கப்பூ. எப்பவாவது தாண்டும், மத்தபடி ராணி!"

"நல்ல மனுஷன்" என்றேன். முகமெல்லாம் வெளிச்சமாக நிற்பவளிடம் வேறென்ன சொல்வது? ஆனால் சனிக்கிழமை என்ன ஆகும்? டூஃபி என்ன உடுத்துவாள்?

மார்ச் 18, செவ்வாய்

எனக்கு நேருக்கு நேர் பேச வராது. நல்லவேளை, எங்கள் ஊரில் பெரிய மனிதர்களும் நேராகப் பேசுவதில்லை. வாயாக ஒருவரை வைத்துக்கொள்வார்கள். அவர் காதில் சொன்னால் போதும், அலங்காரத்தோடு சபைக்குச் சொல்லிவிடுவார்.

ஃபெலிசியா அக்கா மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோவாள்.

நான் கெட்டவளா? கொஞ்சம்.

மார்ச் 19, புதன்

ஸ்டூல். தண்ணீர். கடையில் வேறு இரண்டு பேர். ஃபெலிசியா அக்கா ஃபூஃபூ சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நுழைந்ததும் ஆரம்பித்தேன்.

"மாஸ்டர், சேதி கேக்கலையே?"

இருமினார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "சரி... என்ன சேதிம்மா?"

"எனக்குப் பேச வராது. அக்கா வாயா இருக்கட்டும்."

அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு, இடுப்புத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காதைக் கொடுத்தாள். நான் கிசுகிசுக்க, அவள் உரக்கச் சொன்னாள்:

"சபையில இருக்கிறவங்களே! இந்தப் பொண்ணு சண்டைக்கு வரலையாம், சமாதானமா வந்திருக்காளாம்!"

"போன மாசம் ஒரு கை மெஷினை நம்ம மாஸ்டர் கையில, அந்தத் திறமையான கையில, ஒப்படைச்சாளாம்!"

"அது கறுப்பாம். உடம்பெல்லாம் தங்கப்—"

நின்றுவிட்டாள். மீதியையும் காதில் சொன்னேன். வாயாக இருக்க ஒப்புக்கொண்டவள் முடித்துத்தானே ஆகவேண்டும்?

"தடிச்ச மடிப்புல... மூணு தையல் தாண்டுமாம்."

"ஐயோ மாஸ்டர்" என்றார் மூலையில் இருந்தவர்.

"சேதி முடிஞ்சுது" என்றாள் அக்கா. "பதில் சொல்லுங்க மாஸ்டர்." புருஷனை அவள் மாஸ்டர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமையே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

திட்டத்தில் எல்லாவற்றையும் யோசித்தேன். அவள் முகத்தை யோசிக்கவில்லை.

சாயங்காலம் மாஸ்டர் மெஷினைத் தலையில் சுமந்து தெரு வழியே என் வீட்டுக்கு வந்தார், பின்னால் அக்கா. "தாண்டாம தைக்கிற வரைக்கும் இந்த வாசலை விட்டு நகரக்கூடாது" என்றாள் அவரிடம். ஊசி பிடிக்கும் கம்பியை ஒரு நூலளவு இறக்கினார். அவ்வளவுதான் வேலை. அக்ராவும் வேண்டியிருக்கவில்லை, தாக்கோராடியும் வேண்டியிருக்கவில்லை.

என்னைப் பார்க்காமலே அக்கா போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

டூஃபி உடுத்தினாள். சேர்வா அத்தை தோள் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். "ம்" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

மத்தியானம் ஃபெலிசியா அக்கா வெட்டிய துணியோடு வாசலில் நின்றாள். என்ன சேதி என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், மெஷினை ஜன்னலோரம் நகர்த்தினேன். தடித்த மடிப்பு வந்தபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

தாண்டவில்லை.