ஜெயித்த பிறகு செய்த ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கான வருடாந்திர கூடைப்பந்துப் போட்டியில் இந்த முறை கோப்பை எங்களுக்குத்தான். ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் பந்து என் விரலில் பட்டுத்தான் கோட்டைத் தாண்டியது. நியாயப்படி பந்து எதிரணிக்குப் போக வேண்டும்; நடுவர் கவனிக்காமல் எங்களுக்கே கொடுத்தார். நான் கமுக்கமாக இருந்துவிட்டேன். அந்தப் பந்தைத்தான் கூடையில் போட்டோம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கைகோத்து ஜெபிப்பது இங்கே வழக்கம். தோற்ற அணியின் தலைவன் என் கையைப் பிடித்து, "நீங்க போதகர் மகனாமே, நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றான். நானும் கூசாமல், "நேர்மையாய் விளையாட பெலன் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்று முடித்தேன். அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே போர்வை இருக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

ஞாயிறு ஆராதனையில் அப்பா இந்தக் கோப்பையைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டாம். ஏன் என்று கேட்டால், பையனுக்குத் தன்னடக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐயோ, உங்களையும் பொய் சொல்ல வைக்கிறேனே. கடிதத்தையே அவரிடம் கொடுத்துவிடுங்கள் அம்மா. ஜெப மணி அடிக்கிறது, போக வேண்டும்.

உங்கள் மகன்