தாத்தா நடக்கப் போயிருக்கிறார்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். நீயும் மருமகளும் பாப்பாவும் வாலுவும் எந்த ஊரில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியைச் சொன்னேன், உன் தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே. அதனால் அந்த வரி இந்தக் கடிதத்தில் இல்லை. எட்டு மணி நேரம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துவிட்டு வந்தால் என் விரல்கள் பேனாவுக்கு மடங்க மாட்டேன் என்கின்றன, இல்லாவிட்டால் இதை அவளை எழுத வைத்திருக்க மாட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், குழந்தைகள் இரண்டும் நான் முந்தி நீ முந்தி என்று கத்துகின்றன, எனக்கு நாக்கு எழுவதில்லை. கடைசியாக நீ அனுப்பிய பார்சல் மேல் இப்போது இருக்கும் வாடகை வீட்டு விலாசம் இருந்தது, அதற்குத்தான் இதை அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அப்பா நடக்கப் போகவில்லை. நீ கூப்பிட்ட எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. நீங்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிப் போன மூன்றாவது வாரம் குளியலறையில் விழுந்தார், வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த மறுநாள் நீ கூப்பிட்டாய். படகில் இருக்கிறோம், தண்ணீருக்கு நடுவில் கடைத்தெரு என்று வாலு கூவிக்கொண்டிருந்தான். தாத்தா எங்கே என்று கேட்டான். நடக்கப் போயிருக்கார்டா என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அடுத்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றாய். அதற்கடுத்த வாரம் நீங்கள் மலை ரயிலில் போய்க்கொண்டிருந்தீர்கள், மருமகள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. இப்படியே இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம்தான் குறைச்சல். போன மாதம் வாலு என்ன சொன்னான் ஞாபகம் இருக்கிறதா, தாத்தா இவ்வளவு நடந்தா இந்நேரம் எங்ககிட்டயே வந்திருக்கணுமே பாட்டி என்றான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த மனுஷன், அவரை நான் வாயாலேயே நடக்க விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கே நீ இடிந்துபோய் உட்கார்ந்துவிடாதே, இன்னும் இருக்கிறது. சின்னவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா விழுந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். ரெண்டு நாள் லீவு போடுடி என்றேன். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். துணியை மடித்து முட்டிக்கு நடுவில் வைப்பது, கஞ்சியைக் கரண்டியில் எடுத்து இடது கடைவாயில் விடுவது, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் இவள்தான். ஒரு அம்மாவை வேலைக்கு வைத்துப் பார்த்தேன், அந்த அம்மா கையால் கொடுத்தால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார், நாலாம் நாள் அந்த அம்மா உங்க வீட்டுக்காரர் பட்டினி கிடந்தே என்னை விரட்டிடுவார் போலிருக்கு என்று போய்விட்டது. நான் வேலையை விட்டால் வீடு நிற்காது. நீ வருகிற வரைக்கும்தான் என்று அவளிடம் சொன்னேன். ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்பினாய். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அவளுடைய பள்ளிக்கூடத்து ஆசியா படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள், நீங்கள் போகிற ஊரெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளி. இருபத்து மூன்று புள்ளி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் வைக்கும்போது அப்பாவுக்கு ஊர் பெயரைப் படித்துக் காட்டுவாள். நீங்கள் திரும்புகிற பக்கமாகப் புள்ளி வருகிறதா என்று அவள் பார்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். இதை எழுதாதேம்மா என்கிறாள், எழுதுடி என்கிறேன்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அவளுடைய கணக்கு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்க பொண்ணு சொன்னாளா இல்லையா என்றார். என்ன என்றேன். இரண்டு வருஷம் வரைக்கும் பெயரை விட்டு வைக்கலாம், அடுத்த மாதம் பத்தாம் தேதி கடைசி, அதற்குள் வந்து உட்கார்ந்தால் விட்ட வகுப்பிலேயே சேர்த்துக்கொள்வோம், அதற்கப்புறம் தலைமை ஆசிரியையே நினைத்தாலும் முடியாது என்றார். இரண்டு தடவை ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். இவள் என்னிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து ஏன்டி சொல்லலை என்று கத்தினேன். நான் போனா அப்பாவை யாரு திருப்புவா என்றாள், அவ்வளவுதான், எழுந்து போய் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறோம்மா, தீவுப் பக்கம் போகப் போகிறோம், குழந்தைகளுக்கு இதைவிடப் பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும் என்றாய். பாப்பா போனை வாங்கி, அத்தை பின்னக் கணக்கு வரலை சொல்லிக்கொடு என்றது. இவள் சொல்லிக்கொடுத்தாள். நீ எந்த கிளாஸ் அத்தை என்று கேட்டது. பதினொன்று என்றாள். அவளைப் பொய் சொல்லவும் நான்தான் பழக்கி வைத்திருக்கிறேன்.

உன்மேல் தப்பில்லை கண்ணா, தெரியாதவன் மேல் என்ன தப்பு. மறைத்தவள் நான். உன் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. டிக்கெட் எடுக்காதே. எடுத்திருந்தால் மாற்று. பத்தாம் தேதிக்குள் வந்துவிடு, எல்லோரும் வர முடியாவிட்டால் நீ மட்டும் வா. நீ பிறந்து பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியது நீதான். எனக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போட என்று போன வருஷம் நீ அவளுக்கு அனுப்பிய கறுப்பு ஷூ பெட்டியிலேயே இருக்கிறது. கட்டில்மேல் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறாள், காலைத் தரையில் வைப்பதில்லை.

குழந்தைகளை வெயிலில் அலைய விடாதே, மருமகளுக்கு முதுகு வலி என்றாளே, பைகளை நீ தூக்கு. நீங்கள் நாலு பேரும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அது எப்போதும் என் வாயில் இருப்பதுதான். ஒன்றை மறந்துவிடாதே. இது கைக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பா எங்கே என்று கேள். போனை அவர் காதில் வைக்கிறேன். அவர் பதில் சொல்ல மாட்டார், நீ பேசு.

இப்படிக்கு
உன் அம்மா

அண்ணா, இது அம்மா சொல்லாமல் நான் எழுதுவது. ஷூ அளவு இப்போது சரியாக இருக்கிறது. விரலுக்கு முன்னால் இடம் இல்லை, இன்னும் கொஞ்ச நாளில் பத்தாது.